எதுவரை வந்து நின்றது?

2016 தை மாதம். முகூர்த்த நாட்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த வாரம். மன்னார்குடியில் எங்கள் டி.டி.பி. கடையைக் காலை ஒன்பது மணிக்குத் திறந்து, மெயின் சுவிட்சைப் போட்டு, கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்தினேன். கறுப்புத் திரையில் ஏதோ இரண்டு வரி வந்து எஃப்1 விசையை அழுத்தச் சொன்னது. படிக்காமலே அழுத்தினேன். விண்டோஸ் 7-இன் நான்கு வண்ணப் பொறிகள் பறந்து வந்து கூடத் தொடங்கிய நொடியில் நீலத் திரை ஒன்று மின்னி மறைந்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே நீலம். பத்துப் பதினைந்து முறை பார்த்திருப்பேன்.

அன்று மாலைக்குள் மூன்று கல்யாணப் பத்திரிகைகள் அச்சுக்குப் போக வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பழுது பார்க்கும் ஒருவரிடம் ஓடினேன். கடைப் பையன் விவரமானவன். நீலத் திரை வந்துபோவதைச் செல்போனில் வீடியோ எடுத்து, "இதையும் காட்டுங்கள் அண்ணா" என்று அனுப்பியிருந்தான். பழுது பார்ப்பவர் வீடியோவைப் பார்க்கவில்லை. ஒரு முறை ஆன் செய்து பார்த்துவிட்டு, "ஓ.எஸ். போய்விட்டது, புதிதாகப் போட்டுவிடலாம்" என்றார். விண்டோஸைத்தான் சொன்னார். நானும் சரி என்றேன்.

மாலையில் கம்ப்யூட்டர் பளிச்சென்று ஓடியது. டி டிரைவில் இருந்தவை இருந்தன. விண்டோஸ் இருந்த சி டிரைவை அழித்துவிட்டுப் போட்டதால், அதற்குள் அடங்கிய டெஸ்க்டாப்பில் வைத்திருந்த ஒன்றுகூட இல்லை. கைக்கு எட்டும் இடம் என்று நடந்துகொண்டிருந்த வேலைகளை எல்லாம் அங்கேதான் குவித்து வைத்திருந்தேன். பத்திரிகைகளை ராத்திரி முழுவதும் உட்கார்ந்து மறுபடி அடித்துக் கொடுத்துவிட்டோம். ஆனால் ஒரு கும்பாபிஷேக மலருக்காக, எண்பது வயதைத் தாண்டிய ஓதுவார் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல நான் அடித்த தலவரலாறும் அதில் இருந்தது. பதினொரு பக்கம். அவர் அதற்கு முந்தைய மார்கழியில்தான் காலமாகியிருந்தார்.

இவ்வளவும் எதனால் நடந்தது என்று மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பேத்தியின் திருமணப் பத்திரிகை அடிக்க வந்திருந்தார், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். நான் வேலை செய்வதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், திரையின் ஓரத்தில் தேதி தவறாக இருப்பதைக் கவனித்துவிட்டார்.

"தம்பி, கடை மூடும்போது மெயினை அணைத்துவிடுவீர்களா?"

"தினமும் அணைத்துவிடுவோம் சார். கரண்ட் பிரச்சினை வரக் கூடாதே என்று."

"தினமும் காலையில் மணி தப்பாகக் காட்டுமே?"

காட்டும். ஒரு மாதத்துக்கு மேலாகவே காட்டிக்கொண்டிருந்தது. முதலில் சில மணி நேரம் பின்தங்கியது. பையன் தினமும் திருத்துவான். பிறகு தேதியே பல வருடம் பின்னால் போய் நின்றது. மின்கட்டணம் கட்டும் இணையதளம் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். அதற்கு இணைப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று கெடு உண்டு. கம்ப்யூட்டரின் நாட்காட்டி அந்தக் கெடுவுக்கு வெளியே இருந்தால் சான்றிதழ் செல்லாது என்றுதான் அது நினைக்கும்.

சார் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றச் சொன்னார். மதர்போர்டு என்னும் முதன்மைச் சுற்றுப்பலகையின் கீழ்ப்பகுதியில் ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக ஒரு பேட்டரி. சி.ஆர். 2032 என்று அதன் மேல் எழுதியிருந்தது. 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிமன். அதைத்தான் அந்த எண்ணே சொல்கிறது. 3 வோல்ட் இருக்க வேண்டியது, மீட்டரை வைத்தால் 2 வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. பக்கத்திலேயே அரிசி மணியை விடச் சற்றுப் பெரிதாக, வெள்ளி நிறத்தில் ஓர் உருளை. உள்ளே குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிக்கொண்டே போனால் ஒன்றில் வந்து நிற்கும். அதுதான் ஒரு நொடி. பெட்டிக்கு மின்சாரம் இருக்கும்வரை இந்தக் கடிகாரம் அந்த மின்சாரத்தில் ஓடுகிறது. மெயினை அணைத்தால் பேட்டரியில் ஓடுகிறது. நாங்கள் ஐந்து வருடமாக ஒவ்வோர் இரவும் அந்தச் சின்ன பேட்டரியின் தலையில் சுமையை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறோம்.

அது தாங்கியது கடிகாரத்தை மட்டும் அன்று. பயாஸ் என்னும் தொடக்க நிரலின் அமைப்புகளும் அந்தப் பேட்டரியின் தயவில்தான் நினைவில் இருந்தன. ஹார்ட் டிஸ்க்குடன் எந்த முறையில் பேச வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. எங்கள் கம்ப்யூட்டரை வாங்கியபோது அதை ஏ.எச்.சி.ஐ. என்ற முறையில் வைத்து விண்டோஸைப் போட்டிருக்கிறார்கள். பேட்டரி செத்த அன்று அமைப்புகள் அழிந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய ஐ.டி.இ. முறைக்குத் திரும்பிவிட்டன. அதைத்தான் அந்த இரண்டு வரி அன்று காலை என்னிடம் சொல்லியிருக்கிறது. விண்டோஸ் எழுந்து பாதி தூரம் வந்து, டிஸ்க்கைத் தேடிப் பழகிய வழியில் போனால் அந்த வழியே இல்லை. நீலத் திரையைக் காட்டிவிட்டு விழுந்தது.

பையனின் வீடியோ இன்னும் அவன் செல்போனில் இருந்தது. ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி நகர்த்தினோம். நீலத் திரையின் கீழே, 7பி என்று முடியும் பிழை எண். தொடங்க வேண்டிய டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று அதற்குப் பொருள். டிஸ்க்கில் இருந்த எதுவும் கெட்டிருக்கவில்லை. டெலிட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போய், ஒரே ஒரு வரியை ஐ.டி.இ.யிலிருந்து ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். புதிய பேட்டரி முப்பது ரூபாய்.

அன்று சார் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த எட்டுப் பத்து வருடங்களில் எவ்வளவோ கம்ப்யூட்டர்களைப் பார்த்திருக்கிறேன். "ஆன் ஆகவில்லை என்று சொல்லாதீர்கள் தம்பி. எதுவரை வந்து நின்றது என்று சொல்லுங்கள்."

பட்டனை அழுத்துவதற்கும் டெஸ்க்டாப் தெரிவதற்கும் நடுவில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பொறுப்பு மாறிக்கொண்டே போகிறது. யார் கையில் நின்றது என்று தெரிந்துவிட்டால், அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள் என்றும் தெரிந்துவிடும். தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

முதல் கை எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி. பிளக்கில் மின்சாரம் இருந்தாலே, பட்டனைத் தொடாமலே, அது ஊதா நிறக் கம்பியில் 5 வோல்ட்டைக் காத்திருப்பு மின்சாரமாக அனுப்பிக்கொண்டிருக்கும். பல மதர்போர்டுகளில் அந்த நேரத்திலும் ஒரு சிறு விளக்கு எரிவது அதனால்தான். நாம் அழுத்தும் பட்டன், வீட்டு சுவிட்சைப் போல மின்சாரத்தைத் திறந்துவிடுவதில்லை. மதர்போர்டுக்கு ஒரு தட்டு தட்டுகிறது, அவ்வளவுதான். மதர்போர்டு பச்சைக் கம்பியைக் கிரவுண்ட் கம்பியோடு இணைக்கிறது. அதைக் கண்டு மின்வழங்கி 12, 5, 3.3 வோல்ட்டுகளைத் திறக்கிறது. மூன்றும் நிலைக்கு வந்ததும் சாம்பல் நிறக் கம்பியில் "எல்லாம் சரி" என்று ஒரு சைகை. நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் அது வந்தாக வேண்டும். அதுவரை கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் கட்டிப்போட்டபடியேதான் இருக்கும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு ஒரு தபால் நிலையத் தெருக் கடைக்காரரின் கம்ப்யூட்டரைக் காப்பாற்ற முடிந்தது. பட்டனை அழுத்தினால் ஒன்றுமே இல்லை, ஃபேன்கூட அசையவில்லை. மதர்போர்டு போய்விட்டது, ஆறாயிரம் ஆகும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். உள்ளே பார்த்தால் காத்திருப்பு விளக்கு எரிகிறது. அப்படியானால் மின்சாரம் வருகிறது. முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் இரட்டைக் கம்பியை மதர்போர்டின் ஊசிகளிலிருந்து உருவிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டேன். கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. தேய்ந்துபோயிருந்தது பட்டன் மட்டுமே. அந்த ஊசிகளில் ஆபத்தில்லை. மின்வழங்கியின் இரும்புப் பெட்டியை மட்டும் யாரும் திறந்துவிடாதீர்கள். நம் 230 வோல்ட் உள்ளே போய் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. மின்சாரமாகக் கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

பிராசசரின் கட்டு அவிழ்ந்ததும் அதற்கு எதுவும் தெரியாது. விண்டோஸ் தெரியாது, டிஸ்க் தெரியாது, ராம் என்னும் தற்காலிக நினைவகம்கூட இன்னும் தயாராகவில்லை. அதற்குப் பிறவியிலேயே தெரிந்தது ஒரே ஒரு முகவரி. நினைவக முகவரிகளின் 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கும் அந்த இடத்துக்குப் போய் அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்யும். அந்த முகவரி மதர்போர்டில் உள்ள பயாஸ் சிப்புக்குள் போய்ச் சேரும்படி அமைத்திருக்கிறார்கள். 16 பைட் இடத்தில் பெரிதாக எதுவும் எழுத முடியாது. "இன்ன இடத்துக்குப் போ" என்ற ஒரு தாவல் கட்டளைதான் இருக்கும். ஒன்றுமே தெரியாத ஒன்று, ஒரு சின்னத் துண்டைப் படித்து, அதைக் கொண்டு பெரிய துண்டைப் படித்து, தன்னைத்தானே எழுப்பிக்கொள்கிறது. பூட் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே: காலணியின் பின்புறம் உள்ள வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது. தினமும் காலையில் எங்கள் மேசைக்கு அடியில் இது நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

பயாஸ் செய்யும் முதல் பெரிய வேலை ராமை எழுப்புவது. எங்கள் ஊர்களில் அதிகம் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான். தூசி, உப்பும் ஈரமும் கலந்த காற்று, ராமின் தங்க முலாம் பூசிய பற்களில் படியும் மெல்லிய அழுக்கு. ஃபேன் சுற்றும், திரை இருண்டே கிடக்கும், பீப் ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். திரைக்குப் படம் அனுப்பும் நிலைக்கே வராததால், பயாஸுக்கு அந்த நேரத்தில் இருக்கும் ஒரே வாய் அந்த ஸ்பீக்கர்தான். எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகையால் மதர்போர்டுக் கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமை உருவி, பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, இரண்டு பக்கமும் "டக்" என்று கேட்கும்வரை அழுத்தி மாட்ட வேண்டும். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிச் சோதிக்க வேண்டும்.

ஃபேன் சுற்றி, பீப்பும் இல்லாமல், திரையும் இருண்டிருந்தால் இன்னோர் இடம் உண்டு. பிராசசருக்கென்றே தனியாக 12 வோல்ட் கொண்டுவரும் நான்கு அல்லது எட்டு ஊசி இணைப்பு. தூசி தட்டப் பெட்டியைத் திறந்தவர்கள் மாட்ட மறப்பது பெரும்பாலும் அதைத்தான். ஃபேன் சுற்றுவதை வைத்து பிராசசருக்கு மின்சாரம் போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

புதிய மதர்போர்டுகள் பலவற்றில் பீப்புக்குப் பதிலாக நான்கு சிறு விளக்குகள்: பிராசசர், ராம், திரை அட்டை, பூட். எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கேதான் நின்றிருக்கிறது. 2024-இல் கடைக்கு டி.டி.ஆர்.5 என்னும் புதிய தலைமுறை ராம் உள்ள கம்ப்யூட்டர் வாங்கினோம். முதல் நாள் பட்டனை அழுத்தினால் திரை இருட்டு, ராம் விளக்கு எரிந்துகொண்டே நிற்கிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பையன் பட்டனைப் பிடித்து அணைக்கப் போனான், தடுத்தேன். இவ்வளவு வேகமான ராமோடு முதன்முறை பேசும்போது, ஒவ்வொரு கம்பித் தடத்திலும் சைகை எந்தக் கணத்தில் வந்து சேர்கிறது என்று அளந்து பார்த்துப் பழகிக்கொள்ளப் பல நிமிடங்கள்கூட ஆகலாம். நான்காவது நிமிடத்தில் திரை தெளிந்தது. அந்த அளவைக் குறித்து வைத்துக்கொள்வதால், அடுத்த நாளிலிருந்து அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

பயாஸ் தன் வேலையை முடித்து, இனி டிஸ்க்கின் பொறுப்பு என்று ஒப்படைக்கும் இடம் அடுத்தது. பழைய முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும் எடுத்து ராமில் வைக்கும். அதில் 446 பைட் நிரல், 64 பைட்டில் நான்கு பிரிவுகளின் அட்டவணை, கடைசி இரண்டு பைட் முத்திரை. பதினாறின் எண்முறையில் அந்த முத்திரை 55, ஏஏ. பயாஸ் முத்திரையை மட்டும்தான் பார்க்கும். முத்திரை இருந்தால் நம்பிக் கையை மாற்றிவிடும், இல்லாவிட்டால் அடுத்த சாதனத்துக்குப் போகும்.

இந்த நம்பிக்கையால் ஒரு பள்ளி ஆசிரியை ஒரு நாள் முழுக்கக் கலங்கிப்போனார். வைரஸ் வந்து எல்லாம் அழிந்துவிட்டது, மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் உள்ளே இருக்கிறது என்று அழாத குறையாகப் போனில் சொன்னார். திரையில் கடைசியாக என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். டிஸ்க்கையோ வேறு சாதனத்தையோ எடுத்துவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று ஆங்கிலத்தில் இருப்பதாகப் படித்துச் சொன்னார். "பென் டிரைவ் ஏதாவது செருகியிருக்கிறதா டீச்சர்? எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள்." விண்டோஸில் ஃபார்மட் செய்த பென் டிரைவின் தொடக்கத்திலும் அந்த முத்திரை இருக்கும். உள்ளே ஓ.எஸ். கிடையாது, ஒரு குட்டி நிரல் மட்டும் இருக்கும். ஓ.எஸ். கோப்பைத் தேடிப் பார்த்துக் கிடைக்காவிட்டால் அந்த ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு நிற்பதுதான் அதன் முழுப் பணியும். வந்த இடத்தில் நேர்மையாகச் சொல்லத்தான் செய்தது. அரை நிமிடத்தில் டீச்சரின் குரல் மாறியது.

பழைய பயாஸின் இடத்துக்கு வந்த புதிய யு.இ.எஃப்.ஐ. முறை இந்த 512 பைட் வித்தையை விட்டுவிட்டது. டிஸ்க்கில் தனக்கென ஒதுக்கிய ஒரு சிறு பிரிவைக் கோப்புறை கோப்புறையாகவே திறந்து, விண்டோஸின் தொடக்கக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து நேராக ஓட்டும். அதனால்தான் பார்க்க வேலையில்லாதது போல 100 எம்பி அளவில் தனியாகக் கிடக்கும் பிரிவை, இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று யாரும் அழிக்கக் கூடாது. அழித்தால் விண்டோஸ் முழுதாக இருந்தும் அதைக் கூப்பிட ஆள் இருக்காது.

விண்டோஸ் சின்னம் தெரிந்துவிட்டால் மின்சாரம், பிராசசர், ராம், பயாஸ் எல்லாம் குறைந்தபட்சம் தங்கள் வேலையைக் கொடுத்து முடித்துவிட்டன என்று பொருள். அதற்கு மேல் விழுந்தால் பிழை எண்ணைப் படம் எடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் செய்தால் பல கம்ப்யூட்டர்களில் ஓ.எஸ். முழுதாக அணைவதில்லை. தன் உட்கருவை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கி, மறுநாள் அதையே எடுத்து வருகிறது. பிரின்டர் மக்கர் செய்கிறது, அணைத்துப் போட்டும் சரியாகவில்லை என்று வருகிறவர்களிடம் ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்லுவேன். ரீஸ்டார்ட்தான் முதல் படியிலிருந்து உண்மையாகத் தொடங்குகிறது.

மேசைக்குப் பக்கத்தில் கயிறு கட்டி ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிட்டிருக்கிறோம். எந்தக் கம்ப்யூட்டர் நின்றாலும் முதலில் அதில் எழுத வேண்டும்: விளக்கு எரிந்ததா, ஃபேன் சுற்றியதா, பீப் எத்தனை, திரையில் கடைசியாக என்ன வரி, அதற்கு முந்தைய நாட்களில் என்ன மாறியிருந்தது. ஓ.எஸ். போடலாம் என்று யார் சொன்னாலும், டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எல்லாவற்றையும் நகல் எடுத்த பிறகுதான் பேச்சு. பேட்டரி மாற்றிய மாதத்தைப் பெட்டியின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதுகிறோம்.

ஓதுவார் சொன்ன தலவரலாற்றுக்காகப் பழைய காகிதக் கட்டுகளையெல்லாம் அவிழ்த்துத் தேடினோம். பிழை திருத்துவதற்காக எடுத்த படியில் முதல் நான்கு பக்கங்கள் மட்டும் கிடைத்தன, என் சிவப்பு மைத் திருத்தங்களோடு. அவற்றை மறுபடி தட்டச்சு செய்து மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். நான்காம் பக்கத்தின் கடைசி வரியில் அரசன் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டான். வெள்ளம் ஓடுகிறது. அக்கரையில் விளக்கு ஒன்று தெரிகிறது.